அந்தப் பையனோட அப்பா வந்துட்டாரா என்று அம்மா கேட்கிறார்

பகாவ் தையல்கடை:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதியதில்லை. இன்று ஒரு யோசனை தேவைப்படுகிறது.

போன விடுமுறைக்கு வந்த மகன் ஒரு நாவலை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். நார்வே எழுத்தாளர் பேர் பெட்டர்சனின் 'அவுட் ஸ்டீலிங் ஹார்சஸ்'. 2003இல் நார்வே மொழியில் வந்தது, என்னிடம் இருப்பது ஆங்கிலம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் நாலு பக்கம், ஐந்து பக்கம் என்று ஒன்றரை மாதத்தில் முடித்தேன். முடித்த அன்று ஒரு பாஜு கூரோங் சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்து, மறுபடி பிரித்தேன். மனசு அதிலேயே இருந்தது.

ட்ரோண்ட் என்ற 67 வயதுக்காரர். மனைவி கார் விபத்தில் இறந்துவிட்டார். 1999 நவம்பரில், பனி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏரிக்கரை வீடு ஒன்றில் நாயோடு தனியாக இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரிந்ததும் 1948ஆம் வருடத்துக் கோடை திரும்பி வருகிறது. அப்போது அவருக்கு 15. சுவீடன் எல்லையோரம் அப்பாவோடு ஒரு குடிலில் இருந்த நாட்கள். மரம் வெட்டுகிறார்கள், ஆற்றில் தள்ளிவிடுகிறார்கள். மனைவி இறந்ததை ஓரிரு வரியில் சொல்லிவிட்டு, விறகு அறுப்பதையும் அடுக்குவதையும் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். வாசிக்கும்போது எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது.

அம்மாவுக்கு 88 வயது. இங்கே மலேசியாவில், பகாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை. தோட்டத்து லயன் வீடுகளை இடித்த பிறகு டவுனுக்கு வந்துவிட்டோம். ஒரு வருடமாக அம்மாவுக்கு மறதி. பசியாறியதை மறந்துவிட்டு மறுபடி பசியாறக் கேட்பார். ஆனால் எந்த நிரையில் எந்த மரத்துக்குப் பால் குறைவு என்று இன்றைக்கும் சொல்வார்.

ராத்திரி முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது இந்தக் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். சும்மா பேச்சுத் துணைக்குத்தான். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மரத்தை ஆத்துல போட்டா முங்கிடாதா?" என்றார். மிதக்கும்மா, நடுவில் சிக்கிக்கொள்ளும், அப்பாவும் மகனும் போய் எடுத்துவிடுவார்கள் என்றேன். செந்தட்டி மாதிரி ஒரு சுணைச்செடியை அந்த அப்பா வெறுங்கையால் பிடுங்குகிற இடம் வரும். எப்போது வலிக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம் என்று மகனிடம் சொல்வார். அதைக் கேட்டதும் அம்மா, "லாலான் புல்லை இழுக்கிறப்ப எங்கம்மாவும் சொல்லும். பயந்து இழுத்தா அறுக்கும், இறுக்கிப் புடிச்சா அறுக்காதுன்னு" என்றார்.

இனிமேல்தான் விஷயம். அம்மாவின் அப்பாவை 1943இல், சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பான்காரன் காலம். மூன்று மாத வேலை என்று சொல்லி லோரியில் ஏற்றினார்களாம். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. தாத்தா தன் பால்வெட்டுக் கத்தியைக் கூரைச் சட்டத்தில் செருகிவிட்டு, "வந்து எடுத்துக்கிறேன்" என்று போனார். வரவில்லை. அந்தக் கத்தியைப் பாட்டி யாரையும் தொட விட்டதில்லை. பொட்டும் தாலியுமாகவே 1981இல் போய்ச் சேர்ந்தார். தாத்தா இறந்த நாள் தெரியாது, அதனால் திதி கிடையாது. தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுப் படைப்போம், தாத்தாவுக்கு மட்டும் இலை போட்டதே இல்லை. போட்டால் செத்துவிட்டார் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பார் பாட்டி.

நாவலிலும் அந்த அப்பா திரும்பி வருவதில்லை. கோடை முடிந்ததும் மகனைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறார், பின்னால் வருவதாகச் சொல்கிறார். பிறகு ஒரு கடிதம்தான் வருகிறது. நான் பேருந்தோடு நிறுத்திவிட்டேன். மூன்று ராத்திரியாக அம்மா கேட்கிறார்: "அந்தப் பையனோட அப்பா வந்துட்டாரா?"

வந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். மறுநாள் அம்மாவுக்கு நினைவிருக்காது. நான் என்ன சொன்னாலும் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதே எனக்கு பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? இதே மாதிரி வேறு புத்தகங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

சிப்புட் வாசகன்:

அக்கா, வந்துவிட்டார் என்றே சொல்லிவிடுங்கள். 88 வயதில் அவர்களுக்கு உண்மையால் என்ன ஆகப்போகிறது? எங்கள் அப்பா கடைசி வருடத்தில் செத்துப்போன தம்பியைக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் கேள்விப்பட்டவர் போல அழுதார். அப்புறம் ஒரு நாள் என் மனைவி, "சித்தப்பா பாசாருக்குப் போயிருக்கார்" என்றாள். அப்பா சரி என்று தூங்கிவிட்டார். அதிலிருந்து அவர் பாசாரில்தான் இருந்தார்.

கோலப்பிலா ஆசிரியர்:

சிப்புட் தம்பி சொல்வது தன் தம்பியைத் தேடும் ஒருவருக்குச் சரி. இது வேறு. அம்மா கேட்பது கதையின் முடிவை. முடிவை மாற்றினால் அது வேறு கதை.

எழுதியவரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1990 ஏப்ரல் 7ஆம் தேதி, ஓஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த 'ஸ்கேண்டிநேவியன் ஸ்டார்' என்ற பயணிகள் கப்பல் தீப்பிடித்தது. 159 பேர் இறந்தார்கள். பெட்டர்சனின் அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் அதில் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2000இல், 'இன் தி வேக்' என்ற நாவலில் அப்படிக் குடும்பத்தை இழந்த ஒருவனை எழுதினார். அதற்குப் பிறகுதான் நீங்கள் வாசித்த நாவல் வந்தது. திரும்பி வராதவர்களைப் பற்றி அவர் தெரியாமல் எழுதவில்லை.

இன்னொன்றும் உங்கள் வீட்டுக் கதைக்குப் பக்கத்தில் வருகிறது. நார்வே 1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் பிடியில் இருந்தது. நாவலில் அந்த அப்பா எல்லை தாண்டி ரகசியத் தாள்களைக் கொண்டுபோனவர். குதிரை திருடப் போகிறோம் என்பது அவர்களுடைய சங்கேத வார்த்தை. பையனுக்கு அது வெறும் விளையாட்டாக இருந்தது. பெரியவர்களின் யுத்தம் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்கிறது. உங்கள் அம்மாவுக்கு வந்து சேர்ந்த துண்டு அந்தக் கத்தி.

நீங்கள் பகாவில் இருப்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாகப் போகும் கிழக்குக்கரைப் பாதையில், வடக்கே பல மைல் தண்டவாளத்தை ஜப்பானியர் பிடுங்கி, 415 கிலோமீட்டர் சயாம் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஆளையும் கொண்டுபோனார்கள், இரும்பையும் கொண்டுபோனார்கள். சண்டை முடிந்த பிறகு இங்கே பாதையை மறுபடி போட்டார்கள்.

முடிவைச் சொல்லுங்கள், சகோதரி.

ஈப்போ நூலகம்:

அக்கா, புத்தகம் கேட்டீர்களே. உங்கள் பாட்டிக்காகவே எழுதிய மாதிரி ஒன்று இருக்கிறது. 2023இல் நோபல் பரிசு வாங்கிய நார்வேக்காரர் யோன் ஃபோஸ்ஸேயின் 'அலிஸ் அட் தி ஃபயர்'. 2004இல் வந்த சின்ன நாவல். 1979இல் ஒரு நாள் சின்னப் படகில் கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாகியும் மனைவி அந்த வீட்டிலேயே இருக்கிறாள். பலகையில் படுத்தபடி பார்த்தால், ஜன்னலோரம் காத்து நிற்கும் இளவயது அவளே அவள் கண்ணுக்குத் தெரிகிறாள். கணவனின் பாட்டி, பூட்டி காலத்து ஆட்களும் அதே அறைக்குள் நடமாடுகிறார்கள். முற்றுப்புள்ளி அனேகமாகக் கிடையாது. முதல் பத்துப் பக்கம் மூச்சு முட்டும், விட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்குச் சொல்ல என்றால் டோவே யான்சனின் 'தி சம்மர் புக்'. அவர் பின்லாந்துக்காரர், ஆனால் சுவீடிஷ் மொழியில் எழுதியவர். 1972இல் வந்தது. ஒரு தீவில் பாட்டியும் பேத்தியும். பேத்தியின் அம்மா இறந்துவிட்டாள் என்பது புத்தகத்திலேயே ஒரே ஒரு வாக்கியத்தில்தான் வரும். மற்றதெல்லாம் பாசி, படகு, மழை, சண்டை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் கடைசிப் பக்கம் வரை கூடவே வரும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். லின் உல்மன் என்ற நார்வே எழுத்தாளர், சுவீடன் திரைப்பட இயக்குநர் இங்மார் பெர்க்மனின் மகள். அப்பாவுக்கு வயதாகி நினைவு தப்பத் தொடங்கிய நேரத்தில் இருவரும் சேர்ந்து புத்தகம் எழுதலாம் என்று பேச்சைப் பதிவு செய்தார்கள். 2007இல் அவர் இறந்துவிட்டார். அந்தப் பதிவுகளைக் கேட்க மகளுக்குப் பல வருடம் மனம் வரவில்லை. 2015இல்தான் புத்தகம் வந்தது, ஆங்கிலத்தில் 'அன்குவயட்'. நீங்கள் கதை சொல்லும்போது கைப்பேசியில் பதிவை ஓடவிடுங்கள். உடனே கேட்க வேண்டாம். இருக்கட்டும்.

மாமரத்தடி:

எனக்கு இவர்களுடைய நாவல்கள் ஒட்டவே இல்லை. நம் வீட்டில் ஒருவர் போனால் தெருவே அழும். ஒப்பாரியில் பிறந்த கதை முதல் எல்லாம் வந்துவிடும். இவர்கள் வாயை மூடிக்கொண்டு விறகு அடுக்குகிறார்கள்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. நார்வேக்காரர் கார்ல் ஊவெ க்னவுஸ்கோர் 2009இல் வெளியிடத் தொடங்கிய 'மை ஸ்ட்ரகிள்' நாவலின் ஆறு பாகத்தில் முதல் பாகம். குடித்தே செத்த அப்பாவின் பிணம் இன்னும் அடக்கமாகவில்லை. அதற்குள் அண்ணனும் தம்பியும் அப்பா கடைசியாகக் கிடந்த பாட்டி வீட்டைக் கழுவுகிறார்கள். பாட்டில்களை மூட்டை மூட்டையாக வெளியே போடுகிறார்கள். ஒவ்வொரு அறை, ஒவ்வொரு படி, ஒவ்வொரு கறை. எங்கள் அப்பாவும் சம்சு சாராயம் குடித்துத்தான் போனார். நானும் அண்ணனும் இரண்டு நாள் அந்த அறையைத் தேய்த்தோம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதை யாரும் ஒப்பாரியில் பாடவில்லை. அந்தப் பக்கங்களைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

பகாவ் தையல்கடை:

எல்லாருக்கும் நன்றி. எட்டு நாள் ஆகிவிட்டது. கல்யாண சீசன், ரவிக்கை மேல் ரவிக்கை, உட்கார நேரமில்லை.

மாமரத்தடி அண்ணனுக்கு முதலில். எங்கள் பாட்டிக்கு ஒப்பாரி நன்றாக வரும், பக்கத்துத் தோட்டத்துக் காரியங்களுக்கெல்லாம் கூப்பிடுவார்கள். தன் புருஷனுக்கு மட்டும் பாடவில்லை. உடம்பு வரவில்லையே, எதைச் சுற்றி உட்கார்ந்து பாடுவது? அதனால்தான் இந்தப் புத்தகம் எங்கள் வீட்டுக்கு ஒட்டுகிறது என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை ராத்திரி சொல்லிவிட்டேன். கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் பதிவில் வைத்தேன். மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து விழுந்திருக்கிறது.

அப்பா வரவில்லைம்மா, ஒரு கடிதம் வந்தது என்றேன். நன்றி சொல்லியிருந்தார், இனிமேல் வரமாட்டேன் என்று எழுதியிருந்தார், பையனுக்கென்று தனியாக ஒரு வரிகூட இல்லை என்றேன். அம்மா அழுவார் என்று பயந்திருந்தேன்.

"கடுதாசி வந்துச்சா?"

வந்துச்சும்மா.

"அப்பன்னா அவங்க குடுத்து வச்சவங்க."

அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அம்மாதான் "அப்புறம்?" என்றார். மரம் விற்ற காசு சுவீடனில் கார்ல்ஸ்டாட் என்ற ஊர் பேங்கில் இருந்தது, அம்மாவும் மகனும் கடன் வாங்கி ரயில் ஏறிப் போனார்கள், காசு கொஞ்சம்தான், அதையும் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது, அதனால் அந்த அம்மா மகனுக்கு ஒரு சூட் வாங்கிக் கொடுத்தார் என்றேன். "தோள் சரியா இருந்துச்சாமா?" என்று கேட்டார். தினமும் என் கடையில் உட்கார்ந்திருப்பவர், அதைத்தான் கேட்பார். போட்டுக்கொண்டே அம்மாவோடு கைகோத்துத் தெருவில் நடந்தான் என்றேன். "அப்ப சரியாத்தான் இருந்துருக்கு" என்றார்.

பிறகு கத்தியைக் கேட்டார். லயன் வீட்டை விட்டு வந்தபோது பழைய மைலோ டின்னில் போட்டு வைத்ததை எடுத்துக் கொடுத்தேன். முனை மடங்கியிருக்குமே, அந்த வளைவில் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவினார். பிடியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கப்பா கத்தி இல்ல."

நான் பதறிவிட்டேன். மறதியில் பேசுகிறார் என்று நினைத்தேன். ஆனால் பதிவைத் திரும்பக் கேட்டால் குரல் தெளிவாக இருக்கிறது. எழுதியபடியே தருகிறேன்: "ஜப்பான்காரன் போனதும் மறுபடி மரம் வெட்டக் கூப்பிட்டாங்க. எங்கம்மா அப்பா கத்தியைத்தான் எடுத்துட்டுப் போச்சு. தீட்டித் தீட்டித் தேஞ்சுபோச்சு. இது ஸ்டோர்ல குடுத்த கத்தி."

அப்படியென்றால் ஏன் இதைக் கூரையில் செருகி வைத்து, யாரையும் தொட விடவில்லை?

"அங்க ஒரு கத்தி இருக்கணும்ல."

அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருடம் நான் அந்தக் கத்தியைத் தாத்தாவாக நினைத்துத் துடைத்து வைத்திருந்தேன். பாட்டி அவர் கத்தியால் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிச் சம்பாதித்து அம்மாவுக்குச் சோறு போட்டிருக்கிறார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இலை போடுவதைப் பற்றி நான் கேட்கவில்லை. தீபாவளி வரட்டும்.

கத்திக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார், தடவி வைத்தேன். ஈப்போ தங்கச்சி சொன்ன பாட்டி பேத்தி புத்தகத்தை வாங்கி அனுப்பச் சொல்லி மகனுக்குத் தகவல் போட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி எண்ணெய்க் கிண்ணத்தோடு போனபோது, "ஏதாச்சும் கதை இருந்தா சொல்லேன்" என்றார் அம்மா. எதுவும் நினைவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏரிக்கரையில் ஒரு வீடு, ஒரு வயசான மனுஷன், ஒரு நாய், பனி இன்னும் விழவில்லை என்று.