ஐந்து கட்டையா, மூன்று கட்டையா

குழு: பழைய பாட்டுக் கூட்டம்

ரமேஷ் (கீபோர்டு): எல்லாரும் முதல் பாட்டின் பதிவைக் கேட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமை சேரும்போது பல்லவியும் முதல் இன்டர்லூடுமாவது (நடுவில் வரும் வாத்திய இசை) நிற்க வேண்டும். அசல் சுருதி, அதாவது பாட்டின் ஆதார ஒலி உயரம், ஐந்து கட்டை; கட்டை ஏற ஏறச் சுருதி ஏறும். அப்படியே வைத்துக்கொள்வோம்.

அன்வர் (கிட்டார்): கேட்டேன்டா. ஆனால் என்னிடம் இருக்கும் பழைய கேசட்டோடு வாசித்தால் ஐந்து கட்டையில் சேரவில்லை. ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

ரமேஷ்: அது டேப்பின் வேகம். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பிளேயர் கொஞ்சம் வேகமாக ஓடினாலும் சுருதி ஏறிவிடும். ஆறு சதவீதம் கூடினால் ஒரு அரைஸ்வரமே (கீபோர்டில் பக்கத்துச் சாவி அளவு) கூடிவிடும். கேசட்டை விட்டுவிடு, சுருதி பார்க்கும் டியூனரில் ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள். எல்லாரும் அதையே வையுங்கள்.

அன்வர்: சரி.

சாந்தி (பாட்டு): ரமேஷ், ஒன்று சொல்ல வேண்டும். நேற்று கூடவே பாடிப் பார்த்தேன். பல்லவி சுகமாக வருகிறது. சரணத்தில் மேல் பஞ்சமம் (மேல் ஸ்தாயி ‘ப’) வரும் இடத்தில் தொண்டையை இறுக்கினால்தான் தொட முடிகிறது. சுருதியை இறக்க வேண்டும்.

ரமேஷ்: எவ்வளவு?

சாந்தி: மூன்று கட்டை.

ரமேஷ்: ஐந்திலிருந்து மூன்றா? பாட்டின் நிறமே மாறிவிடுமே சாந்தி. அதை ஐந்தில் கேட்டுத்தானே நாம் எல்லாரும் வளர்ந்தோம். முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) விழும்போதே அந்தக் காலம் வந்து நிற்கும். அது போய்விடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சாந்தி: புரிகிறது. எனக்கும் அந்த ஆசை இருக்கிறது. ஆனால் ஐம்பதை ஒட்டி ஹார்மோன் மாறும்போது பெண்களின் குரல் நாண் தடிக்கும், குரல் கீழே இறங்கும். பயிற்சியால் கொஞ்சம் காப்பாற்றலாம், பழைய இடத்துக்கே கொண்டுபோக முடியாது. அதே நேரம் கீழே எனக்கு இப்போது நல்ல கனம் கிடைத்திருக்கிறது. இந்தப் பாட்டு கீழே ஷட்ஜத்தோடு (‘ச’) நின்றுவிடுகிறது. மூன்று கட்டையில் அந்த ஷட்ஜம் அவ்வளவு நன்றாகப் பேசுகிறது.

சாந்தி: இன்னொன்று. காலேஜில் பாடும்போது மேல் ஸ்தாயியைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் எனக்குப் பெரிது. சரணத்தில் அந்த அம்மா பிள்ளையை வழியனுப்புகிறாள் என்பதெல்லாம் மனதில் ஏறவே இல்லை. என் மகன் கிளம்பிப் போன பிறகு அந்த வரியைக் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன். இப்போது அதைப் பாட வேண்டும், சொல் சொல்லாகக் கேட்கும்படி. கத்தினால் சொல் நிற்காது.

பாலா (பேஸ்): சாந்தி 🙏

ஜோசப் (டிரம்ஸ்): மூன்று கட்டை. என் ஓட்டு அதற்குத்தான்.

அன்வர்: கேப்போ (கிட்டார் கழுத்தில் போடும் கவ்வி) சுருதியை ஏற்றத்தான் செய்யும், இறக்காது. மேற்கத்திய முறையில் ஐந்து என்பது ஜி, மூன்று என்பது ஈ. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரைக் கட்டை கிடையாது என்பதால் இறக்கம் மொத்தம் மூன்று அரைஸ்வரம். அவ்வளவு தூரம் தந்தியைத் தளர்த்தினால் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கம்பி) பட்டு இரையும். அதற்குப் பதில் டி வடிவக் கார்டுகளைப் பிடித்து, இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் ஈ வந்துவிடும். திறந்த தந்திகளின் ஒலியும் கிடைக்கும். எனக்குச் சம்மதம்.

பாலா: எனக்கு இதைவிடச் சௌகரியம் வேறு இல்லை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தியே ஈதான். விரலே வைக்காமல் ஆதாரம் ஒலிக்கும்.

கண்ணன் (புல்லாங்குழல்): ரமேஷுக்குச் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. நான் குழலையே மாற்ற வேண்டும். கட்டைக்கு ஒரு குழல். ஐந்து கட்டைக் குழலிலேயே தைவதத்தை (‘த’) ஷட்ஜமாக வைத்து வாசிக்கலாம்தான், ஆனால் துளையைப் பாதி மூடும் அரைத்துளை நிறைய வரும், வேகமான சங்கதி பிசிறும்.

சாந்தி: உனக்குச் சிரமம் என்றால் நான்கு கட்டையில் பார்க்கலாமா கண்ணா?

கண்ணன்: வேண்டாம், நான்குக்கும் வேறு குழல்தான். மூன்று கட்டைக் குழல் என்னிடம் இருக்கிறது. அது நீளம், துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும், விரல் நன்றாக விரிய வேண்டும். பழக எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள். நீ எங்கே பாடுகிறாயோ அங்கே நான் வருகிறேன்.

ரமேஷ்: சாந்தி, மூன்று கட்டையில் அந்தச் சரணத்தை மட்டும் பாடி அனுப்பேன்.

சாந்தி: 🎤 குரல் செய்தி (0:48)

ரமேஷ்: மறுபடி மறுபடி கேட்டேன்.

ரமேஷ்: மூன்று கட்டைதான். இன்டர்லூடில் வயலின் கூட்டமாக வருவதை அதே ஸ்தாயியில் வைத்தால் சாந்தியின் குரலை மூடிவிடும். அதை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி, கீழே இடம் விட்டு எழுதுகிறேன். பதிவில் இருப்பதைப் போல இருக்காது. பரவாயில்லை.

ஜோசப்: சத்தத்தைப் பற்றியும் இப்போதே பேசிவிடுவோம். சின்ன அறையில் டிரம்ஸ் எளிதாக 100 டெசிபல் தாண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது வழக்கமான வரம்பு. மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 என்றால் கால் மணி நேரம்தான். எனக்கு ஏற்கெனவே ஒரு காதில் ரீங்காரம் உண்டு, உங்களுக்கு அது வர விடமாட்டேன். நான் குச்சிக்குப் பதில் பிரஷ் கொண்டு வருகிறேன். எல்லாரும் காதடைப்பான் வாங்குங்கள். பஞ்சு வேண்டாம். சுருதி கெடாமல் ஒலியை மட்டும் குறைக்க, இசைக்காரர்களுக்கென்றே தனியாக இருக்கிறது.

பாலா: வாங்கிவிடுகிறேன்.

அன்வர்: விரல் நுனி இன்னும் காய்ப்பு ஏறவில்லை, அரை மணி வாசித்தாலே எரிகிறது. மெல்லிய தந்தி மாற்றிவிட்டுத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கிறேன். ஞாயிறு முழு வேகம் வேண்டாம் ரமேஷ்.

ரமேஷ்: தாளம் தட்டும் மெட்ரோனோமை முக்கால் வேகத்தில் வைப்போம். தாளம் உட்கார்ந்த பிறகு ஏற்றலாம். ஈ சுருதியில் கார்டு தாளை நாளைக்குள் போடுகிறேன், எழுத்தைப் பெரிதாக.

கண்ணன்: இரண்டாவது இன்டர்லூடில் எனக்கு எத்தனை ஆவர்த்தனம் (தாளச் சுற்று)?

ரமேஷ்: நான்கு. கடைசி ஒன்றில் சாந்தி ஹம்மிங்கோடு சேர்ந்துவிடுவாள், நீ கீழே இறங்கிக்கொள்.

கண்ணன்: சரி.