ஹாண்டர் லக்கி ஆனது, 100% டிராட்டினியையும் ட்ரேடு செய்யலாமா?

வெயில்வேட்டை:
போக்கிமான்களைப் பிடித்து வளர்க்கும் போன் ஆட்டமான போக்கிமான் கோ ஆடுகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். நேற்று மாமா பையனோடு போக்கிமான் மாற்றிக்கொண்டு ட்ரேடு செய்தேன், நான் மச்சோக் கொடுத்தேன், அவன் ஹாண்டர் கொடுத்தான். அவன் போனில் இருந்தபோது அந்த ஹாண்டருக்குத் தரத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை, ப்ரொஃபஸருக்கு அனுப்பி அழிக்க வைத்திருந்ததைத்தான் என் தலையில் கட்டினான். என்னிடம் வந்ததும் பின்னால் தங்க நிறத்தில் மினுமினு என்கிறது, லக்கி என்று வேறு போட்டிருக்கிறது, அப்ரைசலில் (தர மதிப்பீட்டில்) மூன்று எண்களும் 15-க்கு 14/12/15! மச்சோக்கும் அவனிடம் அப்படியே மின்னுகிறதாம். அப்படியானால் ஒரு வருடமாகப் பத்திரப்படுத்திய, மூன்றிலும் 15 உள்ள 100% டிராட்டினியை இன்று மாலை அவனுக்குக் கொடுத்து, லக்கி ஆனதும் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?

முட்டைநடை:
ஐயோ, டிராட்டினியைத் தொடாதீர்கள். கை மாறும்போது ஐவி எனும் அந்த அப்ரைசல் எண்கள் மூன்றையும் ஆட்டம் புதிதாகக் குலுக்கிப் போடும், பழைய எண் கணக்கிலேயே வராது, உங்கள் ஹாண்டர் தேறியதும் அதனால்தான். ஆட்டத்தில் நட்பு நிலை பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆனவருடன் சாதாரண ட்ரேடு என்றால் ஒவ்வொன்றும் குறைந்தது 5, லக்கி என்றால் குறைந்தது 12. லக்கியே ஆனாலும் 15/15/15 வருவது 64-ல் ஒரு தடவைதான். திரும்ப வாங்குவது நடக்கவே நடக்காது, ஒருமுறை ட்ரேடு ஆனது மறுபடி ட்ரேடு ஆகாது.

லக்கியின் நிஜ லாபம் பலம் கூட்டச் செலவாகும் ஸ்டார்டஸ்டில். பலம் கூட்டும் பவர்அப்புக்கு அது பாதிதான் கேட்கும்: லெவல் 1-லிருந்து 40 வரை 2,70,000 ஆகிற இடத்தில் 1,35,000. அதோடு செலவாகும் கேண்டியில் மட்டும் தள்ளுபடி கிடையாது.

பழையபிட்ஜி:
இது தெரியாமல் நான் 100% லார்விடாரைத் தங்கைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். அவளுக்குப் போனது 6/9/7. இன்றும் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறாள்.

ட்ரேடு செய்ய வேண்டியது பழைய குப்பைகளை. பிடித்து எவ்வளவு நாளாகிறதோ அவ்வளவுக்கு லக்கி ஆகும் வாய்ப்பு கூடும். நம் நாட்டுக்கு ஆட்டம் முறையாக வந்ததே 2016 டிசம்பரில், அதற்கு முன்பே ஏபிகே (இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி ஆடிய ஆள் யாராவது பழக்கமிருந்தால் விடாதீர்கள். அப்புறம், பெஸ்ட் ஃப்ரெண்ட் ஆன பிறகு தினமும் ஒரு கிஃப்ட் திறந்துகொண்டே இருங்கள், என்றைக்காவது லக்கி ஃப்ரெண்ட்ஸ் என்று வரும், அடுத்த ட்ரேடு கண்டிப்பாக லக்கி. அதை அரிய லெஜண்டரி வகைக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நிறம் மாறிய ஷைனி, லெஜண்டரி எல்லாம் ஸ்பெஷல் ட்ரேடு, வழக்கமாக நாளைக்கு ஒன்றுதான்.

வெயில்வேட்டை:
நல்லவேளை கேட்டேன். ஹாண்டரை எவால்வ் செய்து அடுத்த வடிவமான கெங்கார் ஆக்கினால் லக்கி போய்விடுமா? 100 கேண்டி சேர வேறு நாளாகும்.

முட்டைநடை:
போகாது. கேண்டியும் வேண்டாம், பட்டனைப் பாருங்கள், 0 என்று இருக்கும். ட்ரேடில் வந்த ஹாண்டர், மச்சோக், கடாப்ரா, கிராவலர் இந்த நாலும் இலவசமாக எவால்வ் ஆகும், இன்னும் சிலதும் உண்டு.

வெயில்வேட்டை:
ஆக்கிவிட்டேன், மினுமினு அப்படியே இருக்கிறது. நட்சத்திரம் இல்லாத பழசு எதையும் அழிக்காதே என்று மாமா பையனுக்கு போன் போட்டேன். இடம் இல்லை என்று நேற்று ராத்திரிதான் நாற்பதைத் தள்ளிவிட்டானாம்.