வாவிக் கரையில் பச்சை பிடிக்கும் சர்க்கியூட் போர்ட்டுகள்: எந்தப் பூச்சு தாங்கும்?

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். கல்லடியில் இலத்திரனியல் திருத்தகம் நடத்தும் நான், வாவிக் கரையோர இறால் பண்ணைகளின் காற்றூட்டிகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் சிறிய அளவில் செய்து கொடுக்கிறேன். செலவைக் குறைக்க எண்ணி, செம்பின் மேல் ஓ.எஸ்.பி. என்னும் மெல்லிய கரிமப் படலம் மட்டுமே பூசிய போர்ட்டுகளைக் கடந்த முறை வரவழைத்தேன். மாரி முடிந்து திரும்பி வந்த பெட்டியொன்றைத் திறந்தபோது, ஈயம் படாத சோதனைப் புள்ளிகளெல்லாம் பாசி படர்ந்தாற்போலப் பச்சையாகிக் கிடந்தன. (பற்றவைக்கும் சூட்டிலேயே அப்படலம் சிதையத் தொடங்கிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை, பிழை என்னுடையதே.)

அடுத்து 50 போர்ட்டுகள் தேவை. உருகிய ஈயக் கலவையில் தோய்த்துச் சூடான காற்றால் வழித்தெடுக்கும் எச்.ஏ.எஸ்.எல். மலிவானது, ஆனால் மேற்பரப்பு சீராக இராததால், நெருக்கமான கால்களுள்ள சிப்புகளைப் பொருத்துவது சிரமம். நிக்கலின் மேல் சுமார் 0.05 மைக்ரோன் தங்கம் படியும் ஈனிக் சமதளமாக இருக்கும். விலைதான் இடிக்கிறது, அத்துடன் அவ்வளவு மெல்லிய தங்கத்தின் நுண்துளைகள் வழியே உப்பு இறங்காதா என்ற ஐயமும் உண்டு. குளத்துச் சேற்றிலிருந்து எழும் கந்தக வாயு கறுக்கச் செய்யும் என்பதால் வெள்ளிப் பூச்சை விட்டுவிட்டேன்.

கடலோரத்தில் பயன்படுத்திப் பார்த்தவர்கள், ஈனிக் மட்டும் போதுமா, எச்.ஏ.எஸ்.எல். மேல் சிலிக்கோன் காப்புப் பூச்சு அடிப்பது மேலா என்று தயவுசெய்து கூறுங்கள். அக்காப்புப் பூச்சு மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எங்கே கிடைக்கும் என்பதையும் அறியத் தந்தால் உதவியாக இருக்கும்.