புதுப்பிப்பு: ஆலோசனை நிறுவனமா, தேயிலைத் தொழிற்சாலையா?

வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்தில் (மூலப்பொருள் முதல் வாடிக்கையாளர் வரை பொருள்களின் நகர்வை நிர்வகிக்கும் துறை) பட்டம் பெற்றபின் கொழும்பிலுள்ள ஆலோசனை நிறுவனமொன்றில் சேர்வதா, ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையில் சேர்வதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; தொழிற்சாலையையே தெரிவு செய்தேன்.

ஆலோசனைத் துறையில் ஆடை, உணவு, துறைமுகம் எனப் பல தொழில்களைக் குறுகிய காலத்தில் பார்க்கலாம் என்பதை மறுக்கவில்லை. எனினும் அறிக்கையைக் கையளித்ததும் ஆலோசகர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். பரிந்துரையின் விளைவோடு வாழ்பவர் தொழிற்சாலையில் இருப்பவரே.

பறித்த கொழுந்து நசுங்கிச் சூடேறாமல் விரைவில் வாடவைக்கும் தொட்டிக்கு (காற்றோட்டத்தால் கொழுந்தின் ஈரத்தைக் குறைக்கும் இடம்) வந்து சேராவிட்டால் தரம் குன்றும். அந்தக் குறை, 1883 முதல் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் விலையாகவே வெளிப்படும். மழையில் லொறி தாமதிப்பது அன்றாடச் சிக்கல் என்றால், 2021இன் இரசாயன உர இறக்குமதித் தடையும் 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும் எந்தத் திட்டமிடல் மென்பொருளும் எதிர்பார்த்திராதவை. அவற்றைச் சமாளித்தவர்களிடம் வேலை பழகுவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

படித்த பிள்ளை மறுபடியும் தோட்டத்துக்கே வந்துவிட்டதே என்று அம்மாவுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை. முதலில் தொழிற்சாலை, பிறகு ஆலோசனை என்று இங்கே ஓர் அண்ணா சொன்ன வரிசையையே பின்பற்ற எண்ணியுள்ளேன். அதற்கிடையில் கொள்வனவுத் துறைக்கான தொழில்சார் பரீட்சைகளையும் எழுதுவேன்.