பாரிஸில் நான்கு நாள்: எங்கள் முதல் பயணம்

2025 ஜூன் முதல் வாரத்தில் நானும் என் கணவரும் திருச்சியிலிருந்து பாரிஸ் சென்று நான்கு இரவுகள் தங்கிவிட்டு வந்தோம். ஐரோப்பாவுக்கு எங்கள் இருவருக்கும் அதுவே முதல் பயணம். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு, மகளின் பழைய ரஃப் நோட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று நான் எழுதி வைத்தவை 22. ஊர் திரும்பியபோது பார்த்து முடித்திருந்தவை 9. விட்டுப்போன 13 இடங்களைப் பற்றி எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. அந்த ஒன்பதையும் நிதானமாகப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், இடங்களை எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கிழமைகளை எழுதிப் பார்த்ததுதான்.

லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் போய் இறங்கியது ஒரு திங்கள் காலையில். முதலில் போட்ட திட்டத்தில் செவ்வாயன்றுதான் லூவ்ர் இருந்தது. அப்படியே போயிருந்தால் கண்ணாடிப் பிரமிடின் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். புதனன்று லூவ்ர் இரவு 9 மணி வரையிலும், வியாழனன்று ஓர்சே இரவு 9.45 வரையிலும் திறந்திருக்கும் என்பது தெரிந்ததும், மீதி எல்லாம் தானாகவே அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. திங்களும் செவ்வாயும் சேன் நதிக்கரை, தேவாலயங்கள், ஈபிள் கோபுரம், புதன் மாலை லூவ்ர், வியாழன் பகலில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் பகுதி, மாலையில் ஓர்சே, வெள்ளி புறப்பாடு. வெர்சாய்க்கு ஒரு முழு நாள் வேண்டும் என்பதால் அதை அடித்துவிட்டேன். என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

விசாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு கைக்குத் திரும்பி வரும் முன்பே ஆசைப்பட்டுப் படகுச் சவாரிக்குச் சீட்டு வாங்கினேன். பிறகு பயணத் தேதி மாறியது. சீட்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வருவதற்கான தனிச் சீட்டு அப்போது ஓர் ஆளுக்கு 13 யூரோ. போக வர 26 யூரோ ஆனது. நகருக்குள் மெட்ரோவில் ஒரு முறை செல்ல 2.50 யூரோவாக இருந்தது. வாரம் முழுவதற்குமான நவிகோ பாஸ் அப்போது 31.60 யூரோ, விமான நிலைய ரயிலும் அதில் அடக்கம். அதை ஏற்றிக்கொள்ளும் அட்டைக்குத் தனியாக 5 யூரோ. எனவே நகருக்குள் ஐந்து முறை மெட்ரோவில் ஏறினாலே பாஸ் வாங்குவதுதான் லாபம் என்று என் கணவர் விமானத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார். கணக்கு சரிதான். ஆனால் அந்த அட்டையில் நம் புகைப்படத்தை ஒட்ட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. விசாவுக்காக எடுத்ததில் மிச்சமிருந்த படங்கள் அட்டையின் கட்டத்தைவிடப் பெரியவை. கத்தரிக்கோலைக் கைப்பையில் கொண்டுவர முடியாது என்பதால், ரயில் நிலையத் தூண் ஒன்றின் ஓரமாக நின்று, படத்தை மடித்து, நகத்தால் நீவி, நான்கு பக்கமும் கிழித்து ஒட்டினேன். என் கணவரின் படத்தில் ஒரு காது கிழிந்து போய்விட்டது. அந்த வாரம் முழுவதும் அவர் ஒற்றைக் காதுடன்தான் பாரிஸைச் சுற்றினார்.

செவ்வாய்க் காலையில் நதிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். எதிரே வந்த ஒரு பெண் சட்டென்று குனிந்து தரையிலிருந்து தடிமனான மஞ்சள் மோதிரம் ஒன்றை எடுத்து, இது உங்களுடையதா என்று சைகையில் கேட்டாள். இல்லை என்றதும், பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். வாங்கிக்கொண்டால் அடுத்து ஏதாவது பணம் கொடுங்கள் என்று தொடங்குவதுதான் இந்த வித்தை. கல்யாணத்துக்கு முன்பே நகைக்கடைத் தராசு முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுந்த என்னிடம் பித்தளையைக் காட்டுகிறாளே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கையில் வைத்து ஒரு முறை எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவளும் கோபப்படாமல் அடுத்த ஜோடியை நோக்கி நடந்தாள்.

அன்று பகலில் சேந்த்-ஷபெல் தேவாலயத்துக்குச் சென்றோம். 1248இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம். மேல் தளத்தில் சுவர் என்ற ஒன்றே கண்ணில் படுவதில்லை, வண்ணக் கண்ணாடிதான் கூரை வரை எழும்புகிறது. இது நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் நுழைவாயிலில் சோதனை கடுமையாக இருக்கிறது. ஆப்பிள் நறுக்க நான் பையில் வைத்திருந்த சிறு கத்தி அங்கேயே தங்கிவிட்டது. வெளியே வந்தபோது மணி மூன்றேகால். பசியுடன் நான்கு உணவகங்களில் கேட்டோம். மதியச் சமையல் முடிந்துவிட்டது, ஏழு மணிக்கு வாருங்கள் என்றார்கள். அடுத்த நாளிலிருந்து ஒன்றரை மணிக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஈபிள் கோபுரம் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மின்னும். ஆனால் ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே ஏறக்குறைய பத்து மணி ஆகிவிடுகிறது. முழு இருட்டில் பார்க்க வேண்டும் என்று 11 மணி வரை கோபுரத்துக்கு எதிரே உள்ள த்ரோகாதேரோ மேடையில் காத்திருந்ததால் புதன் காலை முழுவதையும் தூங்கியே கழித்தோம். லூவ்ருக்கு மாலையில் போவதாக வைத்தது அப்போதுதான் கைகொடுத்தது. மோனா லிசா இருக்கும் அறையில் எல்லோரும் கைப்பேசியைத் தலைக்கு மேல் உயர்த்தி 77 சென்டிமீட்டர் உயரப் படத்தை நோக்கி நெருக்கிக்கொண்டிருக்க, அதற்கு நேர் எதிர்ச்சுவரில் ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்தில் வெரொனேசெ வரைந்த, பைபிளில் வரும் கானாவூர்க் கல்யாண விருந்தின் முன்னால் இடம் தாராளமாக இருந்தது. பந்தி, வாத்தியக்காரர்கள், மேசைக்கு அடியில் நாய் என்று நம் வீட்டுக் கல்யாண வீடியோவைப் பார்ப்பது போல அரை மணி நேரம் அதன் முன் நின்றோம்.

வியாழன் மதியம் லா சப்பலில் ஒரு சிறு கடையில் சோறும் பருப்பும் சாப்பிட்டோம். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், "நாலு நாளுக்கு இவ்வளவு இடமோ, தங்கச்சி? இஞ்ச வந்து முப்பது வருசம், நான் இன்னும் அந்தக் கோபுரத்தில ஏறேல்ல" என்றார். பிறகு, மாணிக்கப் பிள்ளையார் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது என்றும், அங்கிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம், வீணாக மெட்ரோ எடுக்காதேயுங்கோ என்றும் வழி சொன்னார். 22 இடங்களில் பிள்ளையார் கோவில் இல்லை. பத்தாவதாகப் பார்த்த இடம் என்று அதை அன்றிரவு நோட்டின் கடைசியில் எழுதிக்கொண்டேன்.

*

மேலே எழுதிய சகோதரியின் பாஸ் கணக்கோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் மதுரையிலிருந்து என் அம்மாவை அழைத்துச் சென்றேன். நாங்கள் வியாழக்கிழமை இறங்கி அதே வாரப் பாஸை வாங்கினோம். அது வாங்கிய நாளிலிருந்து ஏழு நாளுக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, திங்கள் தொடங்கி ஞாயிறு இரவோடு முடிந்துவிடுவதுதான் அதன் முறை. செவ்வாயன்று விமான நிலையத்துக்கு மறுபடி இருவருக்கும் முழுக் கட்டணம் கொடுத்தேன். வியாழனுக்குப் பிறகு இறங்குபவர்களுக்கு இந்தப் பாஸ் ஒத்துவராது.

அம்மாவுக்கு மூட்டுவலி. பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் படிக்கட்டுகள்தான். எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருப்பது 14ஆம் தடத்தில். முதல் நாள் ஷாத்லே நிலையத்தில் தடம் மாறுவதற்காக நடந்த நடையில் அம்மா பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு மெட்ரோவை விட்டுவிட்டுப் பேருந்துக்கு மாறினோம். 69ஆம் எண் பேருந்து ஈபிள் அருகிலிருந்து ஓர்சே, லூவ்ர், பஸ்டீல் சதுக்கம் வழியாக நகரின் கிழக்கே செல்கிறது. ஜன்னலோர இருக்கையில் அம்மா அதில் இரண்டு முறை போய் வந்தார். லூவ்ருக்குள் சக்கர நாற்காலியை இலவசமாகவே தருகிறார்கள். டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடுவதால் 6 மணிக்கு ஈபிள் கோபுரம் மின்னுவதைப் பார்த்துவிட்டு அம்மா எட்டு மணிக்குத் தூங்கிவிட்டார். முதியவர்களோடு போகிறவர்கள் குளிரைத் தாங்க முடியுமானால் அந்த மாதத்தையும் யோசிக்கலாம்.

*

பாஸ் அட்டையில் ஒட்டும் புகைப்படம் என்ன அளவில் இருக்க வேண்டும் என்று தனியே கேட்டவருக்கு: 25 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் உயரம். ஊரிலேயே ஸ்டூடியோவில் சொல்லி, காதுகள் இரண்டும் இருக்கும்படி வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.