கன்னங்குறிச்சி புது வீட்டுச் சுடுதண்ணிக்கு சோலாரா, ஹீட் பம்ப்பா?

கன்னங்குறிச்சிக்காரன்:
வணக்கமுங்க. சேலம் கன்னங்குறிச்சியில் மாடியோட வீடு கட்டிட்டு இருக்கோம். கீழே நாங்க ஐந்து பேர், மாடி வாடகைக்கு. போர் தண்ணி கடும் உப்பு. இப்ப இருக்கிற வாடகை வீட்டு கீசர்ல காயிலைச் சுத்தி சுண்ணாம்பு கட்டிக்கிட்டு சூடே ஏற மாட்டேங்குது. அம்மாவுக்கு மூட்டுவலி, விடியக்காலை ஐந்து மணிக்கே நல்ல சுடுதண்ணி வேணும். கண்ணாடிக் குழாய் சோலார், தகடு சோலார், கரண்ட்ல ஓடுற ஹீட் பம்ப் மூணுக்கும் விலை கேட்டாச்சு, கடைக்குக் கடை ஒரு பேச்சு. ஏற்காட்டில் மாமனார் வீட்டுக்கும் ஒண்ணு போடணும். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மொட்டைமாடி:
கரண்ட் தயாரிக்கிற பேனலைப் போட்டுட்டு கீசரையே ஓட்டுங்க. மத்திய அரசோட சூர்ய கர் திட்டத்துல 2 கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் இருக்கு. ஃபேன், ஃப்ரிட்ஜுக்கும் ஆச்சு.

குழாய்வேலை சேலம்:
மொட்டைமாடி சார் சொல்றது மத்த செலவுக்குச் சரி, குளிக்கிற தண்ணிக்கு நான் ஒத்துக்க மாட்டேன். 200 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55க்கு ஏத்த ஏழு யூனிட் வேணும். 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குத் தர்றதே நாலு யூனிட் சுமாருக்குத்தான். அதே சூட்டை ஹீட் பம்ப் வெளிக்காத்துல இருந்து இழுத்துக்கிட்டு ரெண்டரை யூனிட் அளவுல முடிச்சிடும். வெயில் சோலாருக்கு அதுவும் இல்லை.

ஆனா உங்க வீட்டுக்கு எது சரின்னு முடிவு பண்றது கரண்ட் இல்லீங்க, உப்புத் தண்ணிதான். தகடு சோலாருக்குள்ள ஓடுறது விரல் தடிமன் செம்புக் குழாய். உப்பு படிஞ்சா உள்ளேயே அடைச்சுக்கும். தகட்டுல வேற தண்ணி சுத்தி, டேங்குக்குள்ள சூட்டை மட்டும் கொடுக்கிற மாதிரியும் வருது, விலை கூட. கண்ணாடிக் குழாய்ல உப்பு அடியில மாவு மாதிரி இறங்கி நிக்கும். ஒவ்வொரு குழாயா உருவி, கவுத்துக் கழுவி மாட்டிடலாம், உடைஞ்சா அந்த ஒண்ணை மட்டும் மாத்தலாம். நம்ம சேலத்துக்கு என் கை போறது இதுக்குத்தான். சித்திரை வெயில்ல தண்ணி கொதிக்கும், பாதிக் குழாயைச் சாக்கு போட்டு மூடிடுங்க.

அம்மாவுக்கு அஞ்சு மணிக்குக் கிடைக்கிறது முந்தின நாள் வெயில்ல காஞ்ச தண்ணி. டேங்க் சூட்டைப் பிடிச்சு வைக்கும். ஆனா ராத்திரி நீங்க எல்லாரும் குளிச்சா அந்த இடத்துல பச்சைத் தண்ணி ஏறிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு டேங்க்லயே ஒரு கரண்ட் காயில் வச்சிடுங்க. அம்மா பாத்ரூமுக்கு வர்ற குழாய் நீளமும் முக்கியம். முக்கால் இன்ச்ல 20 மீட்டர் ஓடினா, சூடு வர்றதுக்குள்ள ஐந்தாறு லிட்டர் வீணாப் போகும். சுடுதண்ணி தாங்குற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போட்டு மேல உறை சுத்தச் சொல்லுங்க. சாதா பி.வி.சி. அந்தச் சூட்டுக்குத் தாங்காது.

நாகலூர் தோட்டம்:
ஏற்காட்டுக்கு அதையே போட்டுடாதீங்க தம்பி. 1,500 மீட்டர் உயரம், மழை மாசத்துல நாள் முழுக்க மஞ்சு மூடிக் கிடக்கும். குளிரைக் கண்ணாடிக் குழாய் தாங்கிக்கும், வெயிலே இல்லேன்னா அது என்ன பண்ணும்? மேல சில்வர் ஓக் நிழல் வேற, குரங்கு ஏறிக் குதிச்சா குழாய் தெறிக்கும். எங்க வீட்ல ஹீட் பம்ப்தான். மார்கழிக் குளிர்ல மெதுவாத்தான் ஏறும், கரண்ட்டும் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனா வராத நாள்னு இல்லை. ஏ.சி. வெளிப்பெட்டி மாதிரி இரையும், படுக்கை ரூம் ஜன்னலுக்குப் பக்கத்துல மட்டும் வேண்டாம்.

கன்னங்குறிச்சிக்காரன்:
ரொம்ப நன்றிங்கண்ணா, ஐயா. ஏற்காட்டுக்கு ஹீட் பம்ப்புன்னு மாமனார்கிட்ட சொல்லிடறேன். மாடி வீட்டுக்கு பிரஷர் பம்ப் வைக்கிறதா இருக்கோம், சோலாரோட ஒத்து வருமா?

குழாய்வேலை சேலம்:
சாதா கண்ணாடிக் குழாய் டேங்க் பிரஷர் தாங்காதுங்க. பச்சைத் தண்ணிக்கு மட்டும் பம்ப் வச்சாலும், ரெண்டும் கலக்குற மிக்ஸர் குழாய்ல அது சுடுதண்ணியை மேலயே தள்ளிடும். கீழ்வீட்டு லைனைத் தனியா, பம்ப் இல்லாம இறக்கிடுங்க. தண்ணித் தொட்டியோட அடி, சோலார் டேங்கை விட உயரமா இருக்கணும். அதனால தொட்டி மேடையை மொட்டை மாடியிலிருந்து ஆறேழு அடிக்குக் கட்டச் சொல்லி மேஸ்திரிகிட்ட இப்பவே பேசிடுங்க.