நுரை முகத்திலேயே காய்கிறது: தண்ணீர் போதவில்லையா, சோப்பு போதவில்லையா?

இளந்தாடி:
கட்டி ஷேவிங் சோப்பு, செயற்கை நார் பிரஷ், கிண்ணம். பிரஷ்ஷை சோப்பின் மேல் 15 விநாடி சுழற்றி, கிண்ணத்தில் ஒரு நிமிடம் அடித்தால் வெள்ளை வெளேரென்று, தூக்கினால் கூம்பு நிற்கும் அளவுக்குக் கெட்டியாக நுரை வருகிறது. ஆனால் வலது கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் இடது கன்னத்தில் ஓரங்கள் வெளுத்து ஒட்டிக்கொள்கின்றன. தாடைக்குக் கீழே போனால் பிளேடு இழுக்கிறது. எல்லாம் மூன்று நான்கு நிமிடத்துக்குள். தண்ணீர் நிலத்தடி நீர், கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் ரகம். எதை மாற்ற வேண்டும்?

நீர்ப்பதம்:
தண்ணீர் குறைவு. கூம்பு நிற்பதைப் பலரும் நல்ல நுரைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதி வழியில் நிறுத்திய நுரை. இன்னும் குடிக்க அதற்கு இடம் இருக்கிறது.

ஒரு சின்னக் கரண்டியில் 5 மில்லி தண்ணீர் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நுரை கெட்டியானதும் அதிலிருந்து ஐந்தாறு சொட்டு விட்டு, 15 விநாடி அடியுங்கள். மறுபடி ஐந்தாறு சொட்டு, மறுபடி 15 விநாடி. மொத்தமாக ஊற்றினால் தண்ணீர் நுரைக்குள் போகாமல் அடியில் தேங்கும். மூன்றாவது நான்காவது சுற்றில் சுண்ணாம்பு போல மங்கி இருந்த வெள்ளையில் பளபளப்பு ஏறும். பிரஷ்ஷைத் தூக்கினால் கூம்பின் நுனி நிற்காமல் ஒரு பக்கமாகச் சாயும். நிறுத்த வேண்டிய இடம் அதுதான், கரண்டியில் மிச்சம் இருந்தாலும் சரி. தீர்ந்தும் பளபளப்பு வரவில்லை என்றால் இன்னொரு கரண்டி எடுங்கள்.

சுழற்றுமானி:
நீர்ப்பதம் சொல்வதைக் கேட்டு இளந்தாடி இப்போதே தண்ணீர் சேர்த்தால் நிலைமை மோசமாகும். அவர் எழுதியதிலேயே பதில் இருக்கிறது: 15 விநாடி. கட்டிச் சோப்புக்கு அது போதவே போதாது. சோப்பு குறைவாக இருக்கும் நுரையில் தண்ணீரைச் சேர்த்தால் குமிழிகள் பெரிதாகும், ஒரு நிமிடத்தில் உடையும், முகத்தில் வெறும் ஈரம் மிஞ்சும்.

முதலில் சோப்பின் மேல் நாலைந்து சொட்டு விட்டு இரண்டு நிமிடம் ஊற விடுங்கள். பிரஷ்ஷை நனைத்து, சொட்டாத அளவுக்கு இரண்டு மூன்று முறை உதறுங்கள். பிறகு 30 முதல் 40 விநாடி சுழற்றுங்கள். நார்களின் இடையில் ஏறுவது களிம்பு மாதிரி இருக்க வேண்டும். சோப்பின் மேலேயே குமிழி கிளம்பினால் பிரஷ்ஷில் ஈரம் அதிகம் என்று பொருள். சோப்பு ஏறாது, காற்றுதான் ஏறும்.

எவ்வளவு ஏறியது என்று தெரிய வேண்டுமானால், சிறு தராசில் காய்ந்த சோப்பை நிறுத்துக் குறித்து வைத்து, மறுநாள் நன்றாகக் காய்ந்தபின் மறுபடி நிறுங்கள். ஒரு முறைக்குச் சுமார் ஒரு கிராம் குறைந்திருந்தால் சரி. கால் கிராம்தான் குறைந்தது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம்.

நீர்ப்பதம்:
சோப்பு குறைந்த நுரை கூம்பாக நிற்குமா? தண்ணியாகத் தொங்கும். அவருடையது நிற்கிறது.

சுழற்றுமானி:
நிற்கும். முட்டையின் வெள்ளைக் கருவை அடித்தால் நிற்கிறதே, அது காற்றின் பலம். கிண்ணத்தில் பிரஷ்ஷை வேகமாக அடிக்கிறவர்கள் கையில் அப்படிப்பட்ட நுரைதான் வரும்: பார்க்க மலைபோல, உள்ளே சோப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு துளி வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காற்று நுரை சட்டென்று மறைந்து, விரலோடு விரல் ஒட்டி உரசும். சோப்பும் நீரும் உள்ள நுரை குறைந்து மெல்லிசானாலும் வழவழப்பு போகாது. பிளேடுக்கு வேண்டியது அந்த வழவழப்புதான், உயரம் இல்லை.

உவர்மானி:
இருவரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் என்று அவர் எழுதியிருக்கிறார். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். நுரைக்கு அது பயன்படாது. ஒரே அளவு இரண்டு சின்ன பாட்டில்கள் எடுங்கள். ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் வடிநீர் (ஆவியாக்கிக் குளிரவைத்து எடுத்த, உப்பில்லாத நீர்), பாதி பாதி. இரண்டிலும் நகத்தளவு சோப்புச் சீவலைப் போட்டுக் கரைத்துக் குலுக்குங்கள். குழாய் நீர் பால்போலக் கலங்கி, மேலே நுரை குறைவாக இருந்தால் காரணம் தண்ணீர்தான்.

மூலக்கூறு:
சோதனை சரி, ஆனால் அளவு போட்டுப் பார்த்தால் முடிவு வேறு மாதிரி வருகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்று வைப்போம்; அது நல்ல கடின நீர். பிரஷ்ஷில் இருப்பதும் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும் சேர்ந்து 20 மில்லி. அதிலுள்ள கால்சியம் பிசுக்காக மாற்றக்கூடிய சோப்பு சுமார் 0.04 கிராம். ஒரு கிராம் ஏற்றியவருக்கு அது நூற்றில் நாலு பங்கு; தெரியவே தெரியாது. கால் கிராம் ஏற்றியவருக்கு ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே சுழற்றுமானி சொல்வதே முதல் வேலை.

உவர்மானி:
கணக்கில் தப்பில்லை, ஆனால் முழுக்கதையும் அதில் இல்லை. வீணாகும் சோப்பு மட்டுமா பிரச்சினை? கரையாத பிசுக்குத் துகள்கள் குமிழியின் மெல்லிய சுவரில் புகுந்து அதை உடைக்கும். அளவு கொஞ்சமாக இருந்தாலும் நுரையின் ஆயுள் குறையும். போதாததற்கு அது பிரஷ்ஷின் அடிக்கட்டில் நாளுக்கு நாள் படியும். நார்களின் வேர்ப்பகுதி விறைப்பாக, வெள்ளையாக இருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள்.

மூலக்கூறு:
துகள்கள் நுரையை உடைக்கும் என்பதை ஏற்கிறேன். அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டது என் பிழை. அப்படியானால் சோப்பின் அளவை மாற்றாமல் தண்ணீரை மட்டும் மாற்றி ஒரு முறை, தண்ணீரை மாற்றாமல் சோப்பை மட்டும் கூட்டி ஒரு முறை செய்தால்தான் தெரியும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

கொதிக்க வைத்து ஆறவிட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுப்பது ஓரளவு உதவும், பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மைக்கு மட்டும். சல்பேட், குளோரைடு வகை அப்படியே நிற்கும். அதற்கு வடிநீர்தான்.

நீர்ப்பதம்:
சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போடலாமே? பலர் செய்கிறார்கள்.

மூலக்கூறு:
சிட்டிகை என்பது அளவே இல்லை. மேலே சொன்ன கடினத்தன்மைக்கு லிட்டருக்கு அரை கிராம், அதற்கு மேல் வேண்டாம். ஷேவிங் சோப்பு காரத்தன்மையில்தான் சோப்பாக இருக்கும். அமிலம் கூடினால் அது பிரிந்து கொழுப்பு அமிலமாகி எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். நுரையைக் காப்பாற்றப் போட்டது நுரையைக் கொல்லும்.

இளந்தாடி:
சோப்பு உறையில் ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சோடியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் என்று இருக்கிறது. கிளிசரினைத் தனியாகக் கொஞ்சம் சேர்த்தால் காயாமல் நிற்குமா?

சுழற்றுமானி:
அந்தச் சோப்பு சரியான சோப்புதான். ஸ்டியரிக் அமிலம்தான் சின்னக் குமிழியும் நீண்ட ஆயுளும் தரும். குளியல் சோப்பாக இருந்திருந்தால் இங்கே சொன்ன எதுவும் உதவியிருக்காது. கிளிசரின் வேண்டாம். சோப்பிலேயே இருக்கிறது.

நீர்ப்பதம்:
இதில் ஒத்துப்போக முடியாது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரண்டு சொட்டு விட்டால் ஓரம் காய்வது தள்ளிப்போகும். அரைக் கரண்டி விட்டால் நுரை அமுங்கும், அது உண்மை. அதற்காக வேண்டவே வேண்டாம் என்பது சரியில்லை.

சுழற்றுமானி:
இரண்டு சொட்டால் கெடாது, சரி. ஆனால் குறை சோப்பில் இருக்கும்போது கிளிசரின் விட்டால் குறை மறையும், தீராது. முதலில் சோப்பை ஏற்றட்டும்.

பூச்சுக்காரர்:
கிண்ணத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள், முகத்தையும் பாருங்கள். காய்ந்த தோலில் பூசினால் அடியில் படும் நுரையின் ஈரத்தைத் தோலும் மயிரும் உறிஞ்சும். முகத்தைக் கழுவியபின் துண்டால் ஒற்றாதீர்கள். வெந்நீர் முகத்துக்கு மட்டும் போதும். கிண்ணத்துக்கு வெதுவெதுப்பு போதும். சூடான நுரையில் ஈரமும் வேகமாக ஆவியாகும், நீரும் வேகமாக இழிந்து கீழே வடியும்.

பூச்சு மெல்லிசானால் எவ்வளவு நல்ல நுரையும் காயும். முதலில் வட்டமாகத் தேய்த்து மயிரின் வேர்வரை ஏற்றி, கடைசியில் பெயிண்ட் அடிப்பதுபோல நீளமாக இழுத்து, தோல் தெரியாத கனத்துக்கு விடுங்கள். மிச்ச நுரையோடு பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வையுங்கள். கழுத்துக்குப் போகும் முன் பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, கழுத்தில் மறுபடி ஒரு இழுப்பு.

நீர்ப்பதம்:
நுனியைத் தொடுவது செயற்கை நாருக்கு மிகவும் தேவை. பன்றிமயிர் பிரஷ் சில நிமிடம் ஊறினால் தண்ணீரைத் தனக்குள் வாங்கி வைத்திருக்கும், ஊறாவிட்டால் நுரையிலிருந்து பிடுங்கும். செயற்கை நார் உறிஞ்சாது. உதறியதும் கையிருப்பே இல்லை. எனவே தண்ணீரை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

சுழற்றுமானி:
இதில் நீங்கள் சொல்வது சரி. செயற்கை நார் பிரஷ் என்பதை நான் கவனிக்காமல் விட்டேன். சோப்பை 30 விநாடி ஏற்றிவிட்டு, பிறகு உங்கள் சொட்டுக் கணக்கை ஆரம்பிக்கட்டும். வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்.

உவர்மானி:
இளந்தாடி, மழிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை. எவர்சில்வர் தட்டில் மூன்று இடத்தில் நாணயத்தளவு நுரையைத் தடவுங்கள்: இப்போது நீங்கள் செய்கிற நுரை, அதே நுரை 10 சொட்டு கூடுதலாக, 30 விநாடி ஏற்றிய சோப்பில் அதே 10 சொட்டோடு. ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து மாவுபோல வெளுத்தால் தண்ணீர் குறை. உள்ளே ஓட்டை விழுந்து தட்டு தெரிந்தால் சோப்பு குறை. மூன்றிலும் மேலே சாம்பல் நிற ஏடு படிந்தால் என் பக்கம் வாருங்கள், நாளைக்கு வடிநீரில் செய்யலாம்.

இளந்தாடி:
தட்டு முடிந்தது. முதலாவது ஓரம் முழுக்க மாவு. இரண்டாவதில் நடுவில் மூன்று ஓட்டைகள். மூன்றாவது அப்படியே பளபளவென்று இருக்கிறது, ஓரத்தில் மட்டும் லேசான ஏடு.

மூலக்கூறு:
சோப்பு முதலில், தண்ணீர் இரண்டாவது. அந்த ஏட்டுக்கு நாளைக்கு வடிநீரில் மூன்றாவதை மட்டும் மறுபடி செய்யுங்கள். சோப்பு அதே 30 விநாடி, சொட்டு அதே பத்து.